நரிக்கு ஒரு காரணம்

திங்கட்கிழமை காலை புஷ்பவள்ளி மைலோ பானத்தில் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை, அதற்குள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அந்த அறிவிப்பு வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் தொழிற்சாலையின் எல்லாக் கணினிகளிலும் ஒரே பிரவுசர்தான் இருக்குமாம். எது என்பதைத் தலைமை அலுவலகமே தேர்ந்தெடுத்துவிட்டதாம். மற்றவை நீக்கப்படுமாம். கடைசியில் ஒரு நன்றி, கை கூப்பும் படம் இரண்டு.

"கும்பிட்டுக்கிட்டே கழுத்த அறுக்கறாங்க பாரு," என்றாள் புஷ்பவள்ளி.

பக்கத்து மேசையிலிருந்து பிரேமலா எட்டிப் பார்த்தாள். "என்ன கா? யாருக்குச் சம்பளம் வெட்டு?"

"என் நரிய எடுக்கப் போறாங்களாம் லா!"

நரி என்பது பயர்ஃபாக்ஸ். அந்தப் பெயரை அவள் வாயில் யாரும் கேட்டதில்லை. உலக உருண்டையைச் சுற்றிச் சுருண்டு படுத்திருக்கும் ஆரஞ்சு நிறப் பிராணி அவளுக்கு எப்போதும் நரிதான். பதினைந்து வருடங்களுக்கு முன்னால், வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை அரைநாளில், யாரையும் கேட்காமல் அவளே தேடி, அவளே இறக்கி, அவளே கணினியில் ஏற்றிய ஒன்று அது. அன்றைக்கே அதன் மேல்பட்டைக்கு மயில்கழுத்து நிறம் பூசினாள். அந்த நிறத்தில் ஒரு சேலை எடுக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து நினைக்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமியார் மெரூன் எடுத்துக் கொடுத்துவிடுவார். சரி, சேலைக்குக் கிடைக்காதது திரைக்காவது கிடைக்கட்டுமே.

செனாய் நகரில் மின்விசிறிப் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் புஷ்பவள்ளிதான் போக்குவரத்துக் கிராணி, அதாவது எழுத்தர். இருபத்து மூன்று பேருந்துகள். கோத்தா திங்கியிலிருந்து, லாயாங் லாயாங்கிலிருந்து, கூலாயிலிருந்து எண்ணூறு பேரை ஏழரை மணிக்குள் வாசலில் கொண்டுவந்து இறக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக இறக்குகிறாள். அதற்காக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறக்க வேண்டிய பக்கங்கள் பத்தொன்பது இருந்தன. நரியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்னப் பெயர் வைக்கலாம் என்று கண்டுபிடித்த நாளில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெயரைத் தட்டி என்டரை அழுத்தினால் பக்கம் தானாக வந்து நிற்கும்.

பெயர்களா? லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பெயருக்கா பஞ்சம்? வருகைப் பதிவுக்கு 'பெரட்டு'. விடிகாலையில் ஆட்களை நிறுத்தி எண்ணிப் பார்க்கிற இடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். மேற்பார்வையாளர்களின் தொலைபேசிப் பட்டியலுக்குக் 'கங்காணி'. மனிதவளப் பிரிவுக்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் 'ஆயாக்கொட்டாய்'. எப்போது போனாலும் அங்கே யாராவது அழுதுகொண்டிருப்பார்கள் என்பதால். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவாள். மனிதவளப் பிரிவுக்கு அந்த ஆயாக்கொட்டாய்ப் பெயர் இன்றுவரை தெரியாது, தெரியவும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ரூபேந்திரன் வந்தான். கணினிப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆன பையன், இருபத்தேழு வயது, மடிக்கணினியைத் தேத்தண்ணீர்த் தட்டு மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுதான் எங்கும் நடப்பான். நல்ல பிள்ளை. அதுதான் பிரச்சினையே, நல்ல பிள்ளையிடம் கத்தவும் முடியவில்லை.

"அக்கா, கவலப்படாதீங்க. விதிவிலக்கு வேணும்னா ஒரு ஃபாரம் இருக்கு. காரணம் போடணும், பாஸ் கையெழுத்து போடுவாரு, அவ்வளவுதான்."

"காரணமா? எனக்குப் பிடிச்சிருக்கு. எழுதிக்கோ."

ரூபேந்திரன் தலையைச் சொறிந்தான். "அது காரணம் இல்லக்கா. அது சொந்த விருப்பம். வேலைக்கு அவசியமான்னுதான் கேக்கறாங்க."

சொந்த விருப்பம் என்பதை அவன் சொன்ன விதம், ஏதோ மருத்துவச் சீட்டில் எழுதிய நோயின் பெயர் மாதிரி இருந்தது. புஷ்பவள்ளிக்குச் சுருக்கென்றது. மூக்குக்குமேல் கோபம் வந்தால் அவளுக்கு வாய்க்குப் பூட்டு கிடையாது.

"அவசியம்தான்! நரி இல்லேன்னா பஸ் ஓடாது, தம்பி. ஒண்ணில்ல ரெண்டில்ல, இருபத்து மூணும் நிக்கும். எண்ணூறு பேரும் ரோட்ல நிப்பாங்க. அப்புறம் உங்க தலைமை ஆபீஸ் வந்து காத்தாடி செஞ்சுக்கட்டும்!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவன் அதை அப்படியே நம்பினான். "அப்படின்னா ரொம்ப சீரியஸ் லா, அக்கா. ஒண்ணு செய்வோம். வியாழக்கிழமை ஒருநாள் மட்டும் நரிய மறைச்சு வைக்கறேன். புதுசுல வேல பாருங்க. வேல நின்னுச்சுன்னா நானே பாஸ்கிட்ட சொல்லி வாங்கித் தர்றேன்."

"சரி," என்றாள் புஷ்பவள்ளி, யோசிக்கவே இல்லை.

அவன் போனதும் பிரேமலாவின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள். "நல்லாக் கேட்டுக்கோ. வியாழக்கிழமை காலைல எட்டரைக்கு நான் 'ஐயோ, லிஸ்ட் எங்க'ன்னு கத்துவேன். நீ 'அலமாக்'னு அலறிக்கிட்டு எந்திரிச்சு நிக்கணும். ஒம்பது மணிக்கு நான் தலைல கை வச்சுக்கிட்டு உக்காந்துருவேன். நீ தண்ணி கொண்டாந்து குடுக்கணும்."

"அழவும் வேணுமா கா?"

"தேவைப்பட்டா சொல்றேன்."

புதன்கிழமை முழுக்க இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். பிரேமலாவின் அலமாக் முதலில் எடுபடவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான் அதில் கொஞ்சம் உயிர் வந்தது.

வியாழக்கிழமை ஆறு மணிக்குப் புஷ்பவள்ளி அலுவலகத்துக்கு வந்தாள். இரவெல்லாம் பெய்த மழை இன்னும் விட்டபாடில்லை. கணினியில் நரி இல்லை; அது இருந்த இடத்தில் புதிய பிரவுசரின் வண்ணச் சக்கரம். நாடகத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தாலும், ஒரு தடவை பார்ப்போமே என்று பழக்கதோஷத்தில் 'பெரட்டு' என்று தட்டினாள். கோழிப் பெரட்டல் செய்வது எப்படி என்று வரிசையாகப் படங்களோடு வந்தது. முதல் படத்தில் இருந்த கோழி நல்ல பதமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. இது போதும், இந்த ஒரு கோழியே போதும் ரூபேந்திரனை மடக்க.

ஆறு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. கோத்தா திங்கிப் பேருந்தின் ஓட்டுநர் மணியம்.

"அக்கா, பாஞ்சிர்! ரோடு முழுக்கத் தண்ணி. போலீஸ் எல்லாரையும் திருப்பி விடறாங்க. எனக்குப் பின்னாடி நம்ம பஸ் இன்னும் ரெண்டு நிக்குது. என்ன செய்ய?"

புஷ்பவள்ளி நாடகத்தை மறந்தாள். நரியை மறந்தாள். கோழியையும் மறந்தாள்.

"உங்க பஸ்ல எத்தன பேரு ஏறியாச்சு?"

"முப்பத்தி ஒண்ணு."

"ஏழு பேரு பாக்கி. அதுல அஞ்சு பேரு மேட்டுப் பக்கம், அவங்களுக்குத் தண்ணி வராது. மணியண்ணே, கூலாய் ரோடு வேணாம். திரும்பி உலு திராம் பக்கம் இறங்குங்க, அங்கேருந்து ஹைவே ஏறிடலாம். பின்னாடி இருக்கற ரெண்டு பேரையும் உங்க பின்னாலயே வரச் சொல்லுங்க. பதறாம வாங்க."

அதன்பிறகு அவள் கை கணினியின் பக்கமே போகவில்லை. போன மாதத்து நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனாள். எந்தச் சந்தியில் யார் நிற்பார்கள், யாருக்கு யார் பக்கத்து வீடு, யாருடைய கணவனிடம் வேன் இருக்கிறது, எல்லாம் தலைக்குள் இருந்தது. மேட்டுப்பக்கத்து ஐந்து பேரையும் ஒரு வேனில் ஏற்றினாள். ஏழு மாதக் கர்ப்பிணியான பியாட்ரிஸ் மூன்றாவது சந்தியில் தனியாக நிற்பாள் என்பது ஞாபகம் வந்து, அவளைத் தொலைபேசியில் அழைத்து, "வேலைக்கு வேணாம், வீட்டுக்குப் போ தாயி, லீவ நான் பாத்துக்கறேன்," என்றாள். கடைசி ஆள் காய்ச்சல் என்று ஏற்கெனவே விடுப்பு சொல்லியிருந்தது அவளுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. வேலைப் பிரிவு மேற்பார்வையாளர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இத்தனை பேர் தாமதம், இன்னாரை இங்கே மாற்றி நிறுத்து என்று சொல்லி முடித்தபோது மணி ஏழு இருபது. இருபது பேருந்துகள் வாசலில் நின்றன. மிச்சம் மூன்றும் எட்டு ஐந்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு இயந்திரம்கூட ஒரு நிமிடம் நிற்கவில்லை.

எட்டரைக்குத் தொழிற்சாலை மேலாளர் கனகராஜே படியிறங்கி வந்தார். "புஷ்பா! என்னம்மா நீ! கம்ப்யூட்டரக்கூடத் தொடாம மொத்தத்தையும் முடிச்சிட்டியாமே!"

சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். புஷ்பவள்ளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் கைதட்டலுக்கு நடுவிலிருந்து ரூபேந்திரன் பாய்ந்து வந்தான், கண்களில் அப்படியொரு நிம்மதி.

"அக்கா, டெஸ்ட் பாஸ்! நரி இல்லாம இருபத்து மூணும் ஓடிருச்சு!"

சிரிப்பு அப்படியே உறைந்தது. ஐயையோ. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே! அவள் பிரேமலாவைப் பார்த்தாள். பிரேமலா கடிகாரத்தைப் பார்த்தாள்; சரியாக எட்டரை.

"அலமாக்," என்றாள் பிரேமலா, மெதுவாக. ஒத்திகையில் ஒருநாளும் அது அவ்வளவு உண்மையாக வந்ததில்லை.

புஷ்பவள்ளி விடுவாளா? அந்தப் பெரட்டல் கோழியைப் பிடித்துக்கொண்டாள். "பஸ் ஓடுச்சு சரி. நான் வச்ச பேரெல்லாம் எங்க? ஒண்ணொண்ணுக்கும் நான் எங்க போய்த் தேடறது?"

ரூபேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இதுலயும் வைக்கலாம்கா, பத்து நிமிசம்." உண்மையிலேயே பத்து நிமிடம்தான். பத்தொன்பது பெயர்களையும் அவள் சொல்லச் சொல்ல வைத்துக் கொடுத்தான். ஆயாக்கொட்டாய் வந்தபோது மட்டும் நிறுத்தி, அது எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். "மேல மயில்கழுத்து கலரும் போடலாம்கா, வேணுமா?"

"வேணாம்," என்றாள்.

எல்லாம் சரியாக வேலை செய்தது. பெரட்டு என்று தட்டினால் பெரட்டு வந்தது, கங்காணி என்றால் கங்காணி. குறை சொல்ல ஒரு மயிரிழைகூட இல்லை. புஷ்பவள்ளி திரையை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப என்னக்கா இல்ல?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான் அவன்.

"நரி இல்ல," என்றாள். ஒரு பிரவுசருக்காகவா அழுகை வருகிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் தொலைக்காட்சியைத் தமக்கு வேண்டியதற்குத் திருப்பினார். அவருடைய இரத்த அழுத்தத்துக்காக உப்பில்லாத ரசம் எல்லோருக்கும். வாசலில் நின்ற சாம்பல் நிறக் கார் மகன் பார்த்து வாங்கியது. யார் மேலும் அவளுக்குக் கோபம் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. ரசத்தைக் குடித்துக்கொண்டே அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்: இதில் எது நான் தேர்ந்தெடுத்தது? யோசிக்க யோசிக்க ஒன்றே ஒன்றுதான் வந்தது, அதற்கும் நாளை ஐந்து மணிவரைதான் ஆயுசு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அந்த ஃபாரத்தைத் திறந்தாள். எல்லோரும் ஒரே பட்டியலில் நிரப்ப வேண்டியது. பெயர், பிரிவு, வேண்டிய பிரவுசர், காரணம். நிரப்பியிருந்தவர் மொத்தமே ஒருவர். முதல் வரிசையில் ரூபேந்திரன், ஊர்பேர் தெரியாத ஏதோ ஒரு பிரவுசர், காரணம் 'சோதனைக்காக'.

"பிரேமலா," என்றாள் புஷ்பவள்ளி, குரலில் தேன் ஒழுக. "அந்தத் தம்பியக் கொஞ்சம் வரச் சொல்லேன்."

அவன் மடிக்கணினித் தட்டை ஏந்திக்கொண்டு வந்தான்.

"தம்பி, சோதனைன்னு போட்டிருக்கியே, என்ன சோதன?"

"அது... சும்மா, பாத்துக்கிட்டு இருக்கேன்கா."

"எத்தன நாளா?"

அவன் காதுமடல் சிவந்தது. "மூணு வருசம். பழைய கம்பெனிலேருந்தே."

பிரேமலா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். ரூபேந்திரன் அசடு வழிந்தபடி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். திறந்திருந்த பக்கங்களின் பெயர்கள் எல்லாம் மேலே இல்லாமல் இடது ஓரத்தில், வாழைத்தார் மாதிரி மேலிருந்து கீழாகத் தொங்கின. "எனக்கு இப்படி இருந்தாத்தான்கா கை ஓடும். மத்ததுலயும் வேல செய்யலாம். ஆனா இத மூடிட்டா ஏதோ அடுத்தவங்க வீட்ல சாப்பிடற மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன் சோதனைன்னு எழுதின?"

"பிடிச்சிருக்குன்னு எழுத வெக்கமா இருந்துச்சு."

புஷ்பவள்ளிக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. விசைப்பலகையை இழுத்தாள். இரண்டாவது வரிசையில் தன் பெயரைப் போட்டாள், பயர்ஃபாக்ஸ் என்று போட்டாள், காரணத்தில் 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்று தமிழிலேயே தட்டினாள். அவன் அதைப் படித்தான். பிறகு எட்டி, முதல் வரிசையில் 'சோதனைக்காக' என்பதை அழித்துவிட்டு, 'எனக்கும்' என்று எழுதினான்.

நாலு நாற்பதுக்குக் கனகராஜ் இருவரையும் அறைக்கு அழைத்தார். அச்செடுத்த பட்டியல் அவர் முன்னால் ஒரு கோப்பில் விரிந்து கிடந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்ன இது ரெண்டு பேரும்? பொண்ணு பாத்துட்டு வந்த மாதிரி, பிடிச்சிருக்கு, எனக்கும்?" என்றார்.

ரூபேந்திரன் தரையைப் பார்த்தான்.

"புஷ்பா, நீ இங்க பழைய ஆளு. 'போக்குவரத்து வேலைக்கு அவசியம்'னு ஒரு வரி மாத்திப் போடும்மா. நான் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்து போட்டுடறேன். நேத்து நீ செஞ்ச வேலைக்கு யார் கேள்வி கேக்கப் போறா?"

எவ்வளவு சுலபம்! ஒரே வரி. செவ்வாய்க்கிழமை அவளே அடித்துவிட்ட பொய்தான் அது, புதிதாக ஒன்றுகூட யோசிக்க வேண்டியதில்லை. கடிகாரத்தில் நாலு நாற்பத்து மூன்று. வாய்வரை வந்த 'சரி பாஸ்' அங்கேயே நின்றது. பொய் சொல்லி வைத்துக்கொண்டால் அது போக்குவரத்துப் பிரிவின் நரி. நாளைக்கு வேறு யாராவது வேறொரு காரணத்தோடு வந்தால் போய்விடும். அவளுக்கு வேண்டியது அவளுடைய நரி.

"வேணாம் பாஸ்," என்றாள். "அது பொய்யி. நேத்து எல்லாரும் பாத்தாங்க. இந்தத் தம்பி புதுசுல எல்லாம் அழகா செஞ்சும் குடுத்துட்டான், அதுல ஒரு குறையும் இல்ல." அதோடு நிறுத்தவில்லை. "பத்தொம்பது வருசமா இங்க இருக்கேன். இந்த யூனிஃபார்ம் கலர் நான் கேட்டது இல்ல. நாற்காலி, மேச, சாப்பாட்டு நேரம், எதுவும் யாரும் என்னக் கேட்டது இல்ல. நானும் கேட்டதில்ல, வேலன்னா அப்படித்தான். எனக்குன்னு நானாப் பாத்து எடுத்தது அந்த ஒண்ணுதான் பாஸ். அது இல்லாம பஸ் ஓடும். எனக்குத்தான் ஓடாது."

கனகராஜ் தம்முடைய சட்டையைக் குனிந்து பார்த்தார். அதுவும் அதே நீலச் சாம்பல் யூனிஃபார்ம்தான், பையில் மட்டும் மேலாளர் என்று தைத்திருந்தது. பிறகு ரூபேந்திரனைப் பார்த்து, "பாதுகாப்புக்கு ஏதும் பிரச்சினை?" என்று கேட்டார்.

"இல்ல பாஸ். அப்டேட் கேட்டா உடனே செய்யணும், அவ்வளவுதான்."

"செய்வியா புஷ்பா?"

"தள்ளிப் போட மாட்டேன் பாஸ். சத்தியமா."

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடப் போனவர் பாதியில் நிமிர்ந்தார். "மேல ஏதோ கலர் போட்டிருப்பியாமே? எல்லாரும் சொல்றாங்க. என்ன கலர்?"

"மயில்கழுத்து, பாஸ்."

"நம்ம இஷ்டத்துக்கு எதுவும் போடலாமா? பச்சை?"

"எதுவும் போடலாம்."

"ஹ்ம்," என்றார் கனகராஜ். இரண்டு வரிசைக்கும் கையெழுத்துப் போட்டார். கோப்பை மூடாமல் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "கதவச் சாத்திட்டுப் போங்க," என்றார்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ரூபேந்திரன் நரியைத் திருப்பிக் கொண்டுவந்தான். திரையில் மயில்கழுத்து நிறம் விரிந்ததும் புஷ்பவள்ளி, "ஐயோ என் செல்லம்!" என்று வாய்விட்டுக் கூவிவிட்டாள். மனிதவளப் பிரிவிலிருந்துகூட யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! அன்றைய வேலை எல்லாம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரட்டு என்று தட்டி, என்டரை அழுத்தினாள். பட்டியல் வந்தது. இருபத்து மூன்று பேருந்தும் கிளம்பத் தயார். ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள், திருப்தியாக இருந்தது, மூடினாள்.

பிரேமலா பையைத் தோளில் மாட்டியபடியே தன் கணினி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "கா, என்னோடதுல இருக்கற பிரவுசர யார் பாத்து எடுத்தது?"

"கம்ப்யூட்டரோடயே வந்தது லா. யாரும் எடுக்கல."

"நானும் எடுக்கல," என்றாள் பிரேமலா. வெளியே மணியம் பேருந்தின் ஹாரனை இரண்டு முறை அடித்தார். பிரேமலா பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அண்ணன அஞ்சு நிமிசம் நிக்கச் சொல்லுங்க கா. எனக்கு எது பிடிக்கும்னு பாத்துட்டு வர்றேன்."

புஷ்பவள்ளி தொலைபேசியை எடுத்து, பேருந்தை நிறுத்திவைத்தாள்.